எல்லாரும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க

போட்டோக்காரன் தொழிலில் வாய் ஓயாமல் சொல்ல வேண்டியது "சிரிங்க" என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். இல்லை, "எல்லாரும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்பதுதான்.

எல்லையோர மலையில், பூப்பாறை ஜங்ஷனில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். சுற்றுவட்டாரத்துத் தேயிலை, ஏலக்காய் எஸ்டேட்டுகளில் கல்யாணம், பிள்ளைகள் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை, சாவு மூன்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் எந்தக் குடும்பத்தில் யார் யாரோடு நிற்கிறார்கள், யார் நிற்பதில்லை என்பதெல்லாம் பங்குச் சாமியாருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். முன்கோபக்காரன் என்று ஊரில் எனக்குப் பேர். பிரஷர் மாத்திரை போடுகிறேன், கோபம் குறையவில்லை. இதைப் படிக்கிற நீங்களும் ஓர் அம்மாவுக்குப் பிள்ளை, அல்லது ஒரு பிள்ளைக்கு அப்பன், அம்மை. நான் திட்டுவதில் கொஞ்சம் உங்கள் மேலும் தெறிக்கும். துடைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஒற்றுமையாக இருந்த காலம்

ஈஸ்டர் லீவுக்குத் திருப்பூரிலிருந்து வந்த ஜெயராஜ் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைக் கொண்டுவந்தான். பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற பையன். படத்தில் அவனுடைய தாத்தா நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் என்று லயத்து வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு ஒரு கூட்டம். பெரிதாக்கிக் கண்ணாடி போட வேண்டுமாம், அடியில் 'கூடி வாழ்ந்தால் கோடி நன்மை' என்று பிரிண்ட் போட வேண்டுமாம். "அந்தக் காலத்துல என்னா ஒத்துமை பாருங்கண்ணே. இப்பல்லாம் யாரு இப்படி இருக்கா?" என்று பெருமூச்சு வேறு விட்டான்.

எனக்கு அப்போதே சுருக்கென்றது. ஏனென்றால் அவனுடைய அம்மா ஞானம்மா அக்கா என் கடை ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தார். லயம் என்றால் கம்பெனி கொடுத்த வீடு. வீட்டில் ஒருத்தராவது எஸ்டேட் வேலையில் இருக்கிறவரைக்கும்தான் அது நம்முடையது. அக்காவின் புருஷன் போய்ச் சேர்ந்து நாளாயிற்று. மூன்று பிள்ளைகளும் வெளியூரில். ஆயுசு பூராவும் கொழுந்து பறித்த அக்கா மழை முடிந்ததும் வயது முடிந்து வேலையிலிருந்து பிரியப்போகிறார், அதோடு சாவியையும் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு அம்மா எங்கே போவாள் என்பதைப் படத்தின் அடியில் பிரிண்ட் போடச் சொல்லி ஜெயராஜ் கேட்கவில்லை.

படத்தில் கடைசி வரிசையில், யாரோ ஒரு கொழுந்தனின் தோளுக்குப் பின்னால் பாதி முகம் மறைந்து, ஒரு புதுப்பெண் நிற்கிறாள். அது அக்காதான். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு மகனிடமே திருப்பிக் கொடுத்தார். "ஒத்துமையாம்ல ஒத்துமை! ஒரு ரூமு, ஒரு அடுப்பங்கரை, அதுக்குள்ள இம்புட்டுப் பேரு. ஒதுங்கி நிக்க எடமில்லாம ஒட்டி நின்னோம்லே, அதப் போயி ஒத்துமைங்க."

பெட்டியை மூடும் நேரம்

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் வீட்டில் சாவு விழுந்தால் ஒரு குரூப் போட்டோ உண்டு. முகம் தெரிகிற மாதிரி பெட்டியின் தலைமாட்டைச் சற்று உயர்த்தி, சுற்றிலும் குடும்பம் நிற்கும். வெளியூர்க்காரர்களுக்குத் திக்கென்றிருக்கும், எங்களுக்குக் கல்யாண போட்டோ எப்படியோ அப்படி இதுவும் கட்டாயம். முன்பெல்லாம் கூட்டத்தை அடக்க நான் ஸ்டூல் மேல் ஏற வேண்டும். எஸ்டேட்டில் வேலை பார்த்த சூசை அண்ணன் இறந்தபோது பெட்டிக்குப் பக்கத்தில் நின்றது அவருடைய மனைவி மட்டும். மிச்ச இடத்தை நிரப்ப அடுத்த லயத்துக்காரர்களைக் கூப்பிட வேண்டியிருந்தது.

ஒரே மகன் கனடாவில். வேலை நிரந்தரமாகிற நேரமாம், வந்தால் திரும்பிப் போக முடியாதாம். அதனால் தலைமாட்டில் ஒரு கம்பில் போனைக் கட்டி அவனை அதில் நிறுத்தியிருந்தார்கள். அங்கிருந்து எனக்கு உத்தரவு வருகிறது: கொஞ்சம் இடது பக்கம் போங்கண்ணே, மெழுகுவத்தி மறைக்குது, அம்மாவைத் தலையை நிமிர்த்தச் சொல்லுங்க. பெற்ற அப்பனுக்கு ஒரு பிடி மண் போட வராதவனுக்கு ஆங்கிள் ஒரு கேடா என்று எனக்கு ரத்தம் கொதித்தது. போனைப் பிடுங்கிக் கொழுந்துக்காட்டுக்குள் எறிந்திருப்பேன், அந்த அம்மாள் அதையே பார்த்துக்கொண்டு நின்றதால் விட்டேன்.

கடைசியில் மூடியைத் தூக்கினார்கள். அதுவரை அதிகாரம் பண்ணிய அந்தக் குரல் ஒரேயடியாக உடைந்தது. இனி யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் நான் கேமராவைக் கீழே இறக்கினேன். "அண்ணே, மெதுவா மூடச் சொல்லுங்கண்ணே. இங்க நெட்டு நின்னு நின்னு வருது, அப்பா மொகம் பாதி வந்து நிக்குதுண்ணே."

ஒரு பிள்ளை, ஆறு பெரியவர்கள்

புதுநன்மைக்கு வெள்ளை கவுன் போட்டு ஒரு சிறுமி வந்தாள். கூடவே அப்பா, அம்மா, இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டிகள். வீட்டுக்கு ஒற்றைப் பிள்ளை, அந்த ஒன்றுக்குக் காவல் இத்தனை பேர். ஒருத்தர் கிரீடத்தை நேராக்குகிறார், ஒருத்தர் மூக்கைத் துடைக்கிறார், ஒருத்தர் "டாக்டர் மாதிரி சிரி" என்கிறார். டாக்டர் எப்படிச் சிரிப்பார் என்று எனக்கே தெரியாது. என் பிரஷருக்கு மருந்து எழுதுகிறவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

பெரியவர்கள் எல்லோரும் அவள் தோளிலும் தலையிலும் கை வைத்துக்கொண்டு போஸ் கொடுத்தார்கள். பிள்ளை புதைந்துபோனாள். ஒரு காலத்தில் ஆறு பிள்ளைகள் பங்கு போட்டுக்கொண்ட ஆசையும் அதட்டலும் இப்போது ஒரு பிஞ்சுத் தலைமேல் இறங்குகிறது. "கையை எடுங்கய்யா, மூச்சு விடட்டும்" என்று கத்தியேவிட்டேன். அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள். "அங்கிள், இவுங்களை மட்டும் ஒரு போட்டோ எடுங்க. அதுவரைக்கும் நான் வெளிய போய் வெளையாடிட்டு வரட்டா?"

இந்த மாசத்து மகன்

கூடப் படித்த சேவியர் கொழிஞ்சாம்பாறையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறான். முகூர்த்த நாளில் ஆள் பற்றாமல் போனால் என்னைக் கூப்பிடுவான். மலையிறங்கிப் பாலக்காட்டின் கிழக்கு எல்லைக்குப் போனால் பேச்சே மாறிவிடும், எல்லாவற்றுக்கும் ஒரு 'ங்க' போட்டு மரியாதையாகத் திட்டுவார்கள். அப்படி ஒரு தென்னந்தோப்புக்காரர் வீட்டுக் கல்யாணம். அண்ணன் தம்பி மூன்று பேர், மணமகனின் அப்பாதான் மூத்தவர். ஒரே காம்பவுண்டில் இருந்த வீடுகளுக்கு நடுவே இப்போது சுவர் எழும்பியிருந்தது.

குடும்ப போட்டோவுக்கு அவர்களின் அம்மாவை மணமக்களுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். மூத்தவர் முகம் கறுத்தது. இளையவர் தொண்டையைச் செருமினார். விஷயம் இதுதான்: தோப்பைப் பிரித்தபோது அம்மாவையும் மாசத்துக்கு ஒரு வீடு என்று பிரித்திருக்கிறார்கள். என் படத்தைப் பார்த்தால் அம்மா மூத்தவர் பொறுப்பு என்று நாளைக்குப் பேச்சு வருமாம். அதனால் ஒவ்வொரு மகனும் அம்மாவோடு தனித்தனிப் படம். அந்தம்மாள் நாற்காலியை விட்டு எழவில்லை, மகன்கள்தான் மாறி மாறி வந்தார்கள். இப்படியுமா என்று நான் முணுமுணுத்தது அந்தம்மாள் காதில் விழுந்துவிட்டது. "ஏனுங் தம்பி, இந்த மாசம் நான் ரெண்டாவது பையன் ஊட்டுலீங்க. எதுன்னாலும் அவனைக் கேட்டுட்டுச் செய்யுங்க."

ஊருக்கு வந்து இதை ஞானம்மா அக்காவிடம் சொல்லிக் குமுறினேன். அவரும் என்னோடு சேர்ந்து நாலு வார்த்தை திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டே சொன்னார். "மாசத்துக்கு ஒருத்தன் வச்சுப் பாக்கான்ல? குடுத்து வச்ச பொம்பள."

பூச்சட்டி

ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிற ஒரு பெண் தன் கல்யாணப் படத்தைக் கொண்டுவந்து புருஷனை எடுத்துவிடச் சொன்னாள். ஆள் எல்லை தாண்டிப் போய் அங்கே இன்னொரு குடும்பம் வைத்துவிட்டானாம். கடையில் நின்றிருந்த ஒரு பெரிய மனுஷர் "என்ன இருந்தாலும் கட்டுனவன்ல தாயி" என்று ஆரம்பித்தார். வாயை மூடிக்கொண்டு போகிறீரா என்று நான் எழுந்ததும் போய்விட்டார். நான் அவளிடம் நியாயமான ஒரு தொழில் சந்தேகம் கேட்டேன்: ஆளை எடுத்தால் அந்த இடம் ஓட்டையாகத் தெரியுமே, அங்கே என்ன வைக்க? அவள் யோசிக்கவே இல்லை. "ஒரு பூச்சட்டி வச்சிருங்கண்ணே. தண்ணி ஊத்துனா அது பூக்கவாவது செய்யும்."

மூன்று காப்பி

மழை முடிந்தது. ஞானம்மா அக்கா வேலையிலிருந்து பிரிந்தார். மூன்று பிள்ளைகளும் போனில் கூடிப் பேசி, அம்மாவுக்கு ஒரு சர்ப்ரைஸ் கொடுக்க முடிவு செய்தார்கள். வீடு அல்ல, குடும்ப போட்டோ. திருப்பூர் ஜெயராஜ், அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் மகள் ஷீலா, எர்ணாகுளத்துக் கடைக்குட்டி வில்சன், மூவரும் அவரவர் குடும்பப் படத்தை வாட்ஸாப்பில் அனுப்பினார்கள். நான் எல்லாரையும் வெட்டி அம்மாவைச் சுற்றி ஒட்ட வேண்டும். அம்மா எங்கே போவாள் என்று கேட்டேன். ஜெயராஜுக்கு ஒற்றை அறை. அம்மாவைக் கூட்டிப்போக ஷீலாவுக்கு விசா தடை. வில்சனின் ஃப்ளாட்டில் மாமியார் ஏற்கெனவே இருக்கிறார். மூன்றும் பொய்யில்லை. அதுதான் எனக்கு எரிச்சலே. பொய்யாக இருந்தால் நன்றாகத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

வேலையோ பெரும் இம்சை. மகள் குடும்பம் பனிக்கோட்டில், மகன் குடும்பம் வேர்வையில். அம்மாவின் கை தன் தோளில் இருக்கிற மாதிரி செய்யச் சொல்லி ஷீலா வாய்ஸ் மெசேஜ் போட்டாள். கடைசியில் அழுகிற சத்தம் கேட்டது. அக்காவின் பழைய படம் ஒன்றிலிருந்து கையை எடுத்தேன். அது கொழுந்துக் கூடையின் கயிற்றைப் பிடித்திருந்த கை, விரல்கள் மடங்கியே இருந்தன. மகளின் தோளில் வைத்தபோது அவளைப் பிடித்து நிறுத்துகிற மாதிரி இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

கண்ணாடி போட்டு ஜீப்பில் ஏற்றி லயத்துக்கே கொண்டுபோனேன். வீட்டில் பாதிச் சாமான் சாக்கில் ஏறியிருந்தது. கூட வேலை பார்த்த பேச்சியம்மாளும் வாசலில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் இதே கதை. இரண்டு பேரும் சேர்ந்து பக்கத்து ஊரான சாந்தன்பாறையில் ஓர் அறை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள், பிள்ளைகளிடம் இன்னும் சொல்லவில்லை. நான் வீடியோ கால் போட்டுப் போனை நீட்டினேன். மூன்று பிள்ளைகளும் மூன்று கட்டத்தில் தெரிந்தார்கள். "எல்லாரும் ஒண்ணா இருக்கோம் பாத்தியாம்மா?" என்றான் ஜெயராஜ். அக்கா படத்தைச் சுவரில் சாய்த்து வைத்து, ஒவ்வொரு முகமாகத் தடவிப் பார்த்தார். பேரப்பிள்ளைகளின் முகத்தில் விரல் நின்று நின்று போனது. பிறகு, போன் பக்கம் திரும்பாமலே, பிள்ளைகளுக்கும் கேட்கிற மாதிரி என்னிடம் சொன்னார். "இதுல இருந்து என்னைய மட்டும் தனியா வெட்டி மூணு காப்பி போடு தம்பி. ஆளுக்கு ஒண்ணு அனுப்பிரு. வீட்டுக்குள்ள எடம் இல்லாட்டியும் சொவத்துல இருக்கும்ல? மாலைய மட்டும் கொஞ்சம் பொறுத்துப் போடச் சொல்லு."

அந்தக் காலத்தில் ஒரு குடும்பத்தை முழுசாகப் படத்துக்குள் கொண்டுவர நான் இரண்டடி பின்னால் நகர்ந்தால் போதும். இப்போது எவ்வளவு தூரம் நகர்ந்து பார்த்தாலும் அம்மா மட்டும்தான் தெரிகிறாள்.