சரிவில் தூங்குகிறவர்

காலணியைக் கழற்றி, கைக்கடிகாரம், சாவி, சில்லறை எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் தட்டில் போட்டு, இரண்டு கைகளையும் லேசாக அகட்டிக்கொண்டு ஒரு கணம் நிற்கிறார் மாமா. தடவிப் பார்க்க யாரும் வரப்போவதில்லை என்று உறைத்த பிறகுதான் தன் வீட்டு ஹாலுக்குள் கால் வைக்கிறார். "உள்ள போகலாம் சார்" என்று சமையலறையிலிருந்து அக்கா குரல் கொடுக்கிறாள். கேலிதான். மாமா அதற்கும் ஒரு "தேங்க்யூ" சொல்லிவிட்டுத்தான் வருவார்.

அவர் என் அக்காவின் கணவர். பாட்டில்களுக்கு மூடி போடும் இயந்திரங்களைச் செய்து விற்கும் கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினியர். கடல் தாண்டி எங்கோ ஒரு தொழிற்சாலையில் மூடி கோணலாக விழ ஆரம்பித்தால் போதும், மாமாவுக்கு டிக்கெட் போட்டுவிடுவார்கள். விமானத்தை விட்டு இறங்கிய கையோடு வேலையில் நிற்க வேண்டும் என்பதால் பிசினஸ் கிளாஸ். வாரத்தில் பாதி நாள் ஆகாயத்தில்தான். மேல்மாடியில் குடியிருக்கும் நானோ, பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தாலே நாலு பேரிடம் சொல்லிக்கொள்கிற ஆள். ஆகவே இதில் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் கலந்திருக்கும். சலித்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை வருஷப் பறத்தலில் மாமா கொஞ்சம் கொஞ்சமாகக் குழம்பிப் போயிருக்கிறார். தூங்கி எழுந்ததும் முதல் கேள்வி, "இது எந்த ஊரு?" அக்காவும் வாய்க்கு வந்த ஊரைச் சொல்லுவாள். ஒருமுறை அதை நம்பி, குளிர்ப் பிரதேசம் என்று நினைத்துக் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு காய்கறி வாங்கப் போய்விட்டார். சாப்பிடும்போது முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்வார், பக்கத்தில் யாரும் இல்லாவிட்டாலும். சாப்பிட்டு முடித்ததும் தட்டை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்தபடி வெறுமனே உட்கார்ந்திருப்பார். யாரோ வந்து வாங்கிக்கொண்டு போவார்கள் என்ற நம்பிக்கை. "எழுந்து போய்க் கழுவுங்க" என்று அக்கா சொன்னால் திடுக்கிட்டு, "ஓ, இது வீடா" என்பார்.

இவை சிரித்துவிட்டுப் போகிற சங்கதிகள். சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. மாமாவால் நேராகப் படுத்துத் தூங்க முடியாது.

காரணம் அவர் வழக்கமாகப் பறக்கிற விமானக் கம்பெனியின் பழைய இருக்கை. பொத்தானை அழுத்தினால் படுக்கை மாதிரி நீளும், ஆனால் மட்டமாக இருக்காது. தலை மேலே, கால் கீழே, நடுவில் சறுக்குமரம். தூங்கத் தூங்க உடம்பு வழுக்கிக்கொண்டே போகும். மாமா முழங்காலை முட்டுக்கொடுத்துத் தூங்கக் கற்றுக்கொண்டார். உடம்பு அதையே பிடித்துக்கொண்டது. இப்போது வீட்டுக் கட்டிலில் நேராகச் சாய்ந்தால் பதறி எழுந்துவிடுகிறார். "பின்பக்கமா கவுந்து விழற மாதிரியே இருக்கு மாப்ளே. தலை எங்க, கால் எங்கன்னு ஒண்ணும் புரியல" என்றார் என்னிடம். டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். கூடவே, "பிசினஸ் கிளாஸ்ல சாப்பாடெல்லாம் எப்படிங்க?" என்றும் கேட்டாராம்.

ஆகவே மாமாவின் படுக்கை ஹாலில் இருக்கும் சாய்வு நாற்காலி. பின்கால்களுக்கு அடியில் இரண்டு மரக்கட்டைகளைக் கொடுத்து, அந்த விமானச் சரிவை அப்படியே கொண்டுவந்துவிட்டார். உள்ளே இரட்டைக் கட்டிலில் அக்கா தனியாக. மாமாவின் பாதியில் இப்போது மடித்த துணிகள் குடியிருக்கின்றன. "கல்யாணமான புதுசுல ஓரத்துல ஒண்டிக்கிட்டுக் கிடந்தேன்டா. இப்பப் பாரு, ராணி மாதிரி இடம்" என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

இந்த நிலைமையில்தான் விமானக் கம்பெனி புது பிசினஸ் கிளாஸை அறிவித்தது. மாமாவின் கைப்பேசியில் அடிக்கடி பறக்கிறவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்று இருக்கிறது. முகம் பார்த்துக்கொண்டதைவிட ஒருவர் குறட்டையை ஒருவர் கேட்டதுதான் அதிகம் என்கிற அளவில் பழக்கம். அறிவிப்பு வந்த நாளிலிருந்து அங்கே ஒரே திருவிழா. துணி ஏற்றுமதி செய்கிற ஓர் அம்மாள், செருப்பு வைக்க ஒரு இடம் கிடைத்தால் போதும் என்றார். மருந்துக் கம்பெனிக்காரர், பக்கத்து ஆளின் காலைத் தாண்டாமல் கழிப்பறைக்குப் போக வேண்டும், அது ஒன்றுதான் இந்த ஜென்மத்து ஆசை என்றார். ஒரு வக்கீலுக்குக் கதவு வேண்டும். வாயைத் திறந்துகொண்டு தூங்கும் தன்னை எதிர்த்தரப்பு வக்கீல் ஒருமுறை படமெடுத்துவிட்டாராம். ஒவ்வொரு சீட்டுக்கும் தனிக் கதவு, தனி வழி, மட்டமாக நீளும் படுக்கை என்று படத்தில் போட்டிருந்தது. எந்த விமானத்தில் எப்போது வரும் என்று மட்டும் போடவில்லை.

மாமா குழுவில் எதுவும் கேட்கவில்லை. என்னிடம் மாடிப்படியில் வைத்துச் சொன்னார். "மட்டமான படுக்கை வருது மாப்ளே. உடம்பு அங்க பழகினதுதானே? அங்கயே நேராப் படுத்துப் பழகிட்டா, இங்கயும் உள்ள போய்ப் படுத்துக்குவேன்." சொல்லும்போது அவர் கண் படுக்கையறைப் பக்கம் போய்வந்தது.

அக்கா காதில் இது விழுந்ததும் கரண்டியோடு வெளியே வந்தாள். "ஏங்க, வீட்டுக் கட்டிலும் மட்டமாத்தானே இருக்கு? அதுல பழகக் கூடாதா? ஆகாயத்துல போய்க் கத்துக்கிட்டு வந்துதான் வீட்டுல படுக்கணுமா?"

"அது வேற, இது வேற" என்றார் மாமா.

"என்ன வேற?"

மாமா என்னைப் பார்த்தார். நான் மாடிப்படியைப் பார்த்தேன். 

இதற்கு நடுவில் மாமா வேலை செய்யும் கம்பெனி ஒரு குண்டைப் போட்டது. வருகிற வருஷத்திலிருந்து பழுதுகளைக் கேமரா வழியாகப் பார்த்தே சரிசெய்துகொள்ளலாம், ஆள் போக வேண்டியதில்லை. மாமாவின் பயணங்கள் இந்த வருஷத்தோடு சரி. வேறு வீடாக இருந்தால் கேக் வெட்டியிருப்பார்கள். அக்காவுக்கோ, இனி தினமும் ஹாலில் ஓர் ஆள், உள்ளே ஓர் ஆள் என்று கணக்கு ஓடிவிட்டது. ஊருக்குப் போயிருக்கிறார், அதனால் கட்டிலில் இல்லை என்று சொல்லிக்கொள்ளவும் இனி வழியில்லை. தெருமுனையில் அறைகளை வாடகைக்கு விடுகிற, பழைய கட்டில் தேடிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டுக் கட்டிலைக் காட்டினாள். "இவருக்கு நாற்காலி போதும். எனக்கு ஒத்தைக் கட்டில் போதும். இவ்வளவு பெருசை வச்சுக்கிட்டு யாரைப் படுக்க வைக்கிறது?" அவர் அளந்து பார்த்தார். அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் மாமாதான். எதற்கு அளக்கிறார்கள் என்பது, வந்தவர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு படியிறங்கிய பிறகுதான் அவருக்குப் புரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு மாமா புது சீட்டைத் துரத்த ஆரம்பித்தார். நேராகப் போக வேண்டிய ஊருக்குச் சுற்றிக்கொண்டு போனார். டிக்கெட் போடும்போது கைப்பேசியில் காட்டுகிற சீட்டு வரைபடத்தில் கட்டங்கள் நேராக இருந்தால் பழையது, கோணல்மாணலாக இருந்தால் புதியது என்று குழுவில் யாரோ சொல்ல, சாப்பிடும்போதும் அந்தக் கட்டங்களையே உற்றுப் பார்த்தார். சாயங்காலம் கோணலாக இருந்தது காலையில் நேராகிவிடும். "நேத்து கோணலாத்தான் இருந்துச்சு, நீயும் பாத்தியே?" என்று என்னைச் சாட்சிக்கு இழுப்பார். எனக்கும் சந்தேகமாகிவிடும். ஒருமுறை விமானத்தின் வாசல்வரை புது விமானம் என்று சொல்லி, உள்ளே போனால் அதே சறுக்குமரம். விமானத்தை மாற்றிவிட்டார்களாம். பணிப்பெண் மன்னிப்புக் கேட்டு ஒரு சாக்லேட் கொடுத்தாள். அதைச் சாப்பிடாமல் அக்காவிடம் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா அதை வாங்கி வைத்துவிட்டு, "சனிக்கிழமை சாயங்காலம் கட்டிலை எடுத்துட்டுப் போக வர்றாங்க" என்றாள்.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தைய பயணத்தில் புது சீட்டு கிடைத்துவிட்டது. எனக்கு ஒரு படம் வந்தது. காலுறை போட்ட இரண்டு பாதங்கள், மட்டமாக. கீழே ஒரே வார்த்தை: "தூங்கிட்டேன்." பறந்த நேரம் முழுக்க அசையாமல் தூங்கியிருக்கிறார். இறங்கும் முன் கதவைத் தட்டி எழுப்பினார்களாம். குழுவில் ஆளாளுக்குக் கேள்வி. செருப்பு வைக்க இடம் இருக்கா? திரை எவ்வளவு பெருசு? சூப்பு சூடா இருந்துச்சா? மாமாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. "கண்ணை மூடிட்டேன், எதையும் பாக்கல" என்று போட்டார். துணி ஏற்றுமதி அம்மாள் ரொம்பக் கோபித்துக்கொண்டார். முதல் ஆளாகப் போய்விட்டு இப்படியா பொறுப்பில்லாமல் தூங்குவது!

சனிக்கிழமை மத்தியானம் வீடு திரும்பியவர், ஹாலில் நிற்காமல் நேராகப் படுக்கையறைக்குப் போனார். துணிகளை அலமாரியில் அடுக்கி வைத்துவிட்டுப் படுத்தார். அக்கா டிவியைப் போட்டுச் சத்தத்தைக் குறைத்தாள். என்ன ஓடுகிறது என்று அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. கொஞ்சம் பொறுத்து மறுபடி. அப்புறம் மாமா கதவுக்குள்ளிருந்து தலையை நீட்டினார். தலைமுடி கலையவே இல்லை.

"வரல" என்றார். "அங்க வந்துச்சே! அதே மட்டம்தான். கையை வச்சுப் பாத்தேன், அதே மட்டம். ஏன் வரல? எனக்கு ஒண்ணுமே புரியல மாப்ளே."

அழுதுவிடுவார் போலிருந்தது. கிண்டல் செய்ய எனக்கு ஏதாவது ஒன்று எப்போதும் கிடைக்கும். அன்றைக்குக் கிடைக்கவில்லை.

அக்கா டிவியை அணைத்தாள். "இங்க வந்து உக்காருங்க. அங்க என்ன இருந்துச்சு, இங்க என்ன இல்ல? யோசிச்சுச் சொல்லுங்க."

"சத்தம் இருந்துச்சு. உய்ய்னு."

அக்கா மின்விசிறியைக் கடைசி எண்ணில் வைத்தாள். "அப்புறம்?"

"ரெண்டு பக்கமும் தடுப்பு. தோளு இடிக்கும். இங்க அகலமா, அந்தரத்துல கிடக்கற மாதிரி இருக்கு."

நானும் அக்காவும் கட்டிலைத் தள்ளிச் சுவரோடு ஒட்டினோம். மாமா கட்டில் கால் ஒன்றைப் பிடித்து எதிர்ப்பக்கமாக இழுத்தார். அவரை நகரச் சொல்லிவிட்டுத்தான் தள்ள முடிந்தது.

"இன்னும் வேற என்ன?"

மாமா கண்களை மூடி யோசித்தார். "போர்வைக்கு மேல பெல்ட் போட்டு விட்டாங்க. எழுப்பாம இருக்கறதுக்காக, மேல தெரியற மாதிரி போடணுமாம். இங்க" என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினார். "அதுல என்ன இருக்கு, அது சும்மா" என்று தானே சொல்லிக்கொண்டார்.

அக்கா என்னிடம், "நீ ஹால்ல இரு" என்றாள்.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. தெருமுனைக்காரர் இரண்டு ஆட்களுடனும் கயிற்றுடனும் வந்து நின்றார். "கழட்டிடலாங்களா? வண்டி வெயிட்டிங்ல நிக்குது" என்றார்.  கேட்டுவிட்டு வருகிறேன் என்று போய்ப் படுக்கையறைக் கதவை விரலால் லேசாகத் தள்ளினேன்.

மாமா சுவரோரம் மல்லாந்து படுத்திருந்தார். பக்கத்தில் அக்கா. அவள் கை அவர் வயிற்றின் குறுக்கே கிடந்தது. மாமா கண்ணைத் திறக்காமலேயே இரண்டு விரல்களால் அந்தக் கையைப் பிடித்து, இறுக்கமாக இருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

"அக்கா, கட்டிலுக்கு வந்திருக்காங்க" என்றேன் மெதுவாக.

அக்கா கையை எடுக்கவில்லை.