வார்டுக்குள் வந்த அரிஷ்டம்

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். குடியை நிறுத்துவதற்காக அட்மிட் ஆன நண்பனுக்கு, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே ஆல்கஹால் கொண்டுபோய்க் கொடுத்த மகான் நான்தான். அதுவும் பாசத்தோடு, மூடியில் அளந்து!

பதற வேண்டாம். நடந்தது இதுதான்.

ஆரியசாலையில் மிளகு, சுக்கு மொத்த வியாபாரம் செய்யும் சிவதாணு என் பள்ளித் தோழன். இது அவனுக்கு மூன்றாவது டீடாக்ஸ். உடம்பில் ஊறிய குடியை டாக்டர்கள் மேற்பார்வையில் இறக்குகிற வேலை. இங்கே திருவனந்தபுரத்தில் நோயாளியைத் தனியாகப் படுக்க விடமாட்டார்கள். 'பைஸ்டாண்டர்' என்று ஒருவர் கூடவே இருந்தாக வேண்டும். முதல் இரண்டு தடவையும் அவன் மனைவி காந்திமதி இருந்தாள். இந்தத் தடவை ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுவிட்டாள்.

"இனி எனக்கு ஆவாது அண்ணாச்சி. இதிலயும் சரியாவலேன்னா பிள்ளையளக் கூட்டிட்டு கோட்டாத்துக்கு, எங்கம்ம வீட்டுக்குப் போயிருவேன்."

ஆக, நான் பைஸ்டாண்டர். ஆறு நாள், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. முதல் மூன்று நாள் சிவதாணு நடுங்கினான், வேர்த்தான், சுவரில் எறும்பு ஊர்கிறது என்றான். நானும் எழுந்துபோய்த் தேடினேன் — தூக்கம் கெட்டவனுக்கு இல்லாத எறும்பும் தெரியும் போலிருக்கிறது. பிறகு நடுக்கம் அடங்கியது. ஆனால் சோறு இறங்கவில்லை. கஞ்சியைப் பார்ப்பான். ஸ்பூனைப் பார்ப்பான். என்னைப் பார்ப்பான். எனக்கோ... எப்போதடா வீட்டுக்குப் போவோம் என்றிருந்தது.

ஆறாம் நாள் குளிக்க வீட்டுக்குப் போன இடத்தில் எனக்கு ஞானம் பிறந்தது. வயிறு மந்தமென்றால் எங்கள் வீட்டில் எல்லோரும் குடிப்பது ஆயுர்வேதக் கடை அரிஷ்டம். இரண்டு மூடி போதும், பசி பிய்த்துக்கொண்டு வரும். பாட்டிலைப் பையில் போட்டேன். ஆஃப்டர்ஷேவ், சானிடைசர், இருமல் சிரப் எதுவும் உள்ளே வரக்கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். அரிஷ்டம்? அது மருந்தல்லவா! பையைச் சோதிக்கும் செக்யூரிட்டியும் ஆறு நாள் சிநேகத்தில், "சாரு போய்க்கோ" என்றுவிட்டார்.

மூடியில் ஊற்றி நீட்டினேன். சிவதாணு வாங்கினான். மோந்தான். மூடியை மேஜைமேல் வைத்துவிட்டு, தலைமாட்டிலிருந்த பெல்லை அமுக்கினான். விடாமல் அமுக்கினான்.

ஓடிவந்த சிஸ்டர் பாட்டிலைத் திருப்பி, லேபிளை என் மூக்குக்கு நேரே பிடித்தார்.

"சேட்டனு வாயிக்கான் அறியில்லே? புளிக்கும்போ தன்னால ஆல்கஹால் உண்டாவும்னு எழுதீட்டுண்டு! இந்த மனுஷன் ஆறு நாள் கஷ்டப்பட்டது எந்தினா?"

வாசிக்கத் தெரியும், சிஸ்டர். வாராவாரம் பத்திரிகையில் நாலு பேருக்குப் புத்தி சொல்லிப் பிழைப்பவன். பிஸ்கட் பாக்கெட்டில்கூட எக்ஸ்பைரி தேதி பார்ப்பவன். ஆனால் பாருங்கள், நம் வீட்டு பாட்டில் என்றால் மருந்து. அவன் வீட்டு பாட்டில் என்றால்தான் சரக்கு. குடிக்காத யோக்கியர்களுக்கு இப்படியொரு பார்வைக் கோளாறு உண்டோ?

சிஸ்டர் பாட்டிலோடு போனதும், மானம் போன எரிச்சலில் கேட்டேன்.

"ஏன்லே, அதுக்கு ஆஸ்பத்திரியையே கூட்டணுமா? என்ட்ட ஒரு வார்த்த சொன்னா நானே எடுத்துட்டுப் போயிருக்க மாட்டனா?"

சிவதாணு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

"சொல்லி முடிக்கதுக்குள்ள குடிச்சிருப்பேன்."