பிளாஸ்டிக்கைக் கழற்றாத கார்

பேத்திக்கு ஞாயிற்றுக்கிழமை அழகர்கோவிலில் மொட்டை போட்டுக் காது குத்துவதாக இருந்தது. முதல் பேத்தி. என் மனைவி வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

அவளுக்கு முதுகெலும்பில் தட்டு விலகியிருக்கிறது. இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடப்பாள், சமைப்பாள். கார்தான் ஆகவில்லை. போன மாதம் மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பாதி வழியில், சமயநல்லூரிலேயே நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றாள். திரும்பும்போது காரில் ஏறவே இல்லை. ரயிலில் நின்றுகொண்டே எங்கள் ஊர் சோழவந்தானுக்கு வந்து சேர்ந்தாள். அழகர்கோவிலுக்கு ரயில் கிடையாது.

மகள் போனில் அழுதாள். "நீ வராட்டி நான் காது குத்தவே மாட்டேம்மா."

"கிறுக்கச்சி. தாய்மாமன் மடிதானடி வேணும், எம்மடியா வேணும்? உங்கண்ணன் வாரான்ல. குத்துங்க."

போனை வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். நெடுநேரம் வெளியே வரவில்லை.

சீட்டில் பஞ்சு அமுங்கிப்போயிருக்கும் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை வெற்றிலைக் கட்டுகளை மார்க்கெட்டில் போட்டுவிட்டு, மதுரையில் ஒரு சீட் கவர் கடைக்குப் போனேன். கார் வாங்கிய புதிதில் கவர் தைத்த கடை. அப்போது இருந்த பெரிய பாய் இப்போது இல்லை. மகன் பார்க்கிறார். தடித்த பஞ்சு வைத்த கவர் ஒரு செட் எடுத்துக்கொடுத்தார்.

"மாட்டுற ஆளு ஊருக்குப் போயிருக்காருண்ணே. செவ்வாக்கிழமை வாங்க."

"ஞாயித்துக்கிழமை விசேஷம் பாய். நானே மாட்டிக்கிறேன்."

"மாட்டிருவீங்களா?"

"முப்பது வருசமாக் கொடிக்கால்ல வெத்தலைக் கொடி கட்டுறேன். இந்தக் கயித்தக் கட்ட மாட்டேனா?"

சிரித்தார். "பழசக் கழட்டிட்டு மாட்டுங்கண்ணே" என்றார். நான் அதைக் காதில் வாங்கவில்லை.

சனிக்கிழமை காலை வெயில் வருவதற்குள் வாசலில் வைத்து ஆரம்பித்தேன். அவள் உட்காரும் முன் சீட்டைத்தான் முதலில் எடுத்தேன். ஹெட்ரெஸ்ட்டைப் பிடுங்கி வைத்தேன். புதுக் கவரை மேலிருந்து இறக்கினேன். பாதிக்கு மேல் இறங்கவில்லை. அடியில் கொக்கி மாட்டும் நாடா நாலு விரற்கடை எட்டவில்லை.

அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் எம்புட்டுச் சட்டைதான் போடுவீக அதுக்கு? வேர்க்காதா?"

"நீ பேசாம இரு."

"நான் பேசாமத்தான் இருக்கேன். வண்டிதான் பொறுக்கமாட்டாம முனங்குது."

உள்ளே உட்கார்ந்து இழுத்தால் எட்டும் என்று அந்தச் சீட்டில் ஏறினேன். அப்போதுதான் தோன்றியது. இந்தக் காரை வாங்கிப் பதினெட்டு வருடம். நான் அந்தப் பக்கம் உட்கார்ந்ததே இல்லை. எப்போதும் ஓட்டுகிற பக்கம்தான். அங்கே நான் மரமணி கோத்த பாய் போட்டிருந்தேன். அது முதுகைப் பிடித்துக்கொள்ளும்.

இந்தப் பக்கம் பிடிமானமே இல்லை. உட்கார்ந்ததும் முன்னால் சறுக்கினேன். கால் தானாகத் தரையில் ஊன்றியது. குனிந்து பார்த்தேன். தரையில் கிடந்த ரப்பர் விரிப்பில் இரண்டு இடம் தேய்ந்து வெளுத்து ஓட்டை விழுந்திருந்தது. ஒரு ஜோடிப் பாதம் இருக்கும் இடம். என் கால் அதற்கு மேல்தான் ஊன்றியிருந்தது.

எங்கள் வீட்டில் ஒரு கேலி உண்டு. நான் பிரேக் போடும்போதெல்லாம் அவளும் காலை அழுத்துவாள். "வண்டியில ரெண்டு பிரேக்கு. ஒண்ணு எங்கிட்ட, ஒண்ணு உங்கம்மாகிட்ட" என்று பிள்ளைகளிடம் சொல்வேன். பின்னால் இருந்து இரண்டும் சிரிக்கும். "அம்மா பிரேக்கு, அம்மா பிரேக்கு" என்று கத்தும். கல்யாணமாகி வந்த மருமகன்கூட இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார். அவளும் சேர்ந்துதான் சிரிப்பாள்.

நான் ஓட்டுவதற்குப் பயந்துதான் அழுத்துகிறாள் என்று நினைத்திருந்தேன்.

"இம்புட்டு வழுக்குதா இது?" என்று கேட்டேன்.

"வாங்குன மொத மாசத்துலயே சொன்னேன். நீங்க அப்பதான் பிரேக்குக் கதைய ஆரம்பிச்சீக."

புதுக் கவரை உருவிப் பைக்குள் திணித்தேன். குறடும் கத்தியும் எடுத்துவந்தேன்.

மேலே இருந்தது நீல வெல்வெட்டு. மகள் கல்யாணத்துக்கு முந்தின வாரம் திருமங்கலத்தில் ரோட்டோரம் தொங்கவிட்டு விற்றதை வாங்கி, பழைய கவருக்கு மேலேயே மாட்டினேன். பெண் மாப்பிள்ளை மறுவீட்டுக்கு அதில்தான் வந்தார்கள். நாடாவை அறுத்ததும் கழன்று வந்தது. மடிப்பில் மல்லிகை கட்டிய நார் ஒரு துண்டு இருந்தது. பூ இல்லை.

அதற்குக் கீழே மெரூன் ரெக்சின். பெரிய பாய் தைத்தது. கம்பி வளையம் போட்டு இறுக்கியிருந்தார். ஒவ்வொன்றாகக் குறட்டால் வெட்டினேன். இந்த ரெக்சினில்தான் பிள்ளைகள் வளர்ந்தார்கள். வெயிலில் நிறுத்தி எடுத்தால் தொடை வெந்துவிடும். அரைக்கால் சட்டையோடு மகன் ஏறி, கத்திக்கொண்டே இறங்குவான். ஆற்றுத் தண்ணீரில் நனைத்த துண்டைப் போட்டு உட்கார வைப்போம். பின் சீட்டில் வெற்றிலைக் கட்டு, நடுவில் பிள்ளைகள், மதுரை வரை ஈர வெற்றிலை மணம். சித்திரையில் அழகர் மதுரைக்கு வரும் எதிர்சேவை பார்க்கப் போவோம். கூட்டத்தில் வண்டி நகராது. உள்ளேயே புளிச்சோறு சாப்பிடுவோம். இரண்டும் அவள் தோளுக்குப் பின்னால் சாய்ந்து தூங்கிவிடும்.

அவள் சீட்டின் முதுகுப் பக்கம் பேனாவால் ஏதோ எழுதியிருந்தது. வெல்வெட்டு மூடியிருந்ததால் அழியவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்துப் படித்தேன். ஒன்பதாம் வாய்ப்பாடு. ஏழோடு நின்றிருந்தது.

"என்ன எழுதிருக்கு?"

"உம்மகன் வாய்ப்பாடு. ஒம்போது ஏழு அறுபத்திநாலாம்."

"ஆத்தி. இவன்தான் இப்ப பேங்குல எல்லாருக்கும் துட்டு எண்ணிக் குடுக்கானா?"

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சிரித்தால் வலிக்கும். பெல்ட்டைக் கையால் பிடித்துக்கொண்டே சிரித்தாள். அந்த ரெக்சின் துண்டை மட்டும் அறுத்துத் தனியாக வைக்கச் சொன்னாள்.

ரெக்சினுக்கும் கீழே பிளாஸ்டிக் இருந்தது. கம்பெனியிலிருந்து வரும்போதே போட்டுவரும் உறை. கவர் தைத்த அன்று பெரிய பாய், "உரிச்சுப் போட்டுருவோம் தம்பி, அது இருந்தா கவர் நிக்காது" என்றார். நான் விடவில்லை. உரித்தால் பழைய வண்டி ஆகிவிடும் என்று ஒரு எண்ணம். எங்கள் குடும்பத்தில் முதல் கார். வாங்கின புதிதில் பிளாஸ்டிக் தெரிய வேண்டும் என்றே கண்ணாடியை இறக்கி ஓட்டியிருக்கிறேன். பாய் பிறகு வற்புறுத்தவில்லை. அதன் மேலேயே தைத்தார்.

இப்போது அது மஞ்சளாகி அப்பளம் மாதிரி நொறுங்கியது. பொறுக்கி எடுக்க ஒரு மணி நேரம் ஆனது.

உள்ளே இருந்தது சாம்பல் நிறத் துணி. சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளி. கறை இல்லை, கிழிசல் இல்லை. ஒருவரும் உட்காராத சீட்.

அவள் எழுந்து வந்து, குனியாமல் கையை மட்டும் நீட்டித் தடவினாள்.

"இதுல புள்ளியெல்லாம் இருந்துச்சா?"

"எனக்கும் ஞாபகம் இல்ல."

துணி சொரசொரப்பாக இருந்தது. கையைப் பிடித்து நிறுத்தியது. மற்ற சீட்டுகளையும் அன்றைக்கே உரித்தேன். புதுக் கவரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பீரோ மேல் தூக்கி வைத்தேன்.

சாயங்காலம், "பாலம் வரைக்கும் போய்ட்டு வருவோம், ஏறு" என்றேன். யோசித்தாள். பெல்ட்டை இறுக்கிக்கொண்டு ஏறினாள். ரயில்வே கேட்டில் பிரேக் போட்டேன். மெதுவாகத்தான் போட்டேன். பாலத்தில் கொஞ்சம் வேகமாகப் போட்டேன். அவள் காலை அழுத்தவில்லை. வைகையில் தண்ணீர் கொஞ்சம் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் இறங்கியதும் கேட்டாள்.

"நாளைக்கு எத்தன மணிக்குக் கெளம்பணும்?"

ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்னே கிளம்பினோம். சமயநல்லூரில் அவள் முகத்தைப் பார்த்தேன். "ரோட்டப் பாருங்க" என்றாள். மதுரை தாண்டி ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னாள். இறங்கிச் சற்று நடந்துவிட்டு அவளாகவே ஏறினாள். வலி இல்லாமல் இல்லை. பொறுக்கிற அளவில் இருந்தது என்றாள்.

காது குத்தும்போது பிள்ளை வீரிட்டது. மகன் மடியில் வைத்திருந்தான். அவன் முகம் பிள்ளையைவிட மோசமாக இருந்தது. என் மனைவி நின்றபடியே பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். மகள் தன் தாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது மகளும் பேத்தியும் எங்கள் வண்டியில் ஏறினார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் காயவில்லை. தூக்கத்தில் தலை சாய்ந்து, பின் சீட்டுத் துணியில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் ஒட்டியது. மகள் பதறித் துடைக்கப் போனாள். எனக்கும் கை பரபரத்தது.

"விடுடி" என்றாள் என் மனைவி. "பட்டா பட்டுட்டுப் போகுது."

கொஞ்ச தூரம் போன பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, புதங்கிழமை திருமங்கலத்துக்கு எந்தங்கச்சி வீட்டுக்குப் போய்ட்டு வருவமா? பாத்து ஆறு மாசமாச்சு."

சரி என்றேன்.