யோசிக்காமல் சொன்ன பதில்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனால் இந்தத் தெருவில் பாதி வீட்டுக்கு இரும்புக் கேட் போட்டது என் பட்டறைதான். மனைவி போனபின் வீட்டில் நானும் மகளும் மட்டுமே. சாஃப்ட்வேர் கன்சல்டிங் கம்பெனி ஒன்று கம்ப்யூட்டரிலேயே அவளை நேர்காணல் செய்தது. வெல்டிங்கை நிறுத்திவிட்டு அவள் அறை வாசலில் நின்றேன். எல்லாவற்றுக்கும் யோசித்து, நிதானமாகப் பதில் சொன்னாள். என் வளர்ப்பு!

கடைசியாக ஒரு குரல், "கஸ்டமர் எந்த ஊர்ல இருந்தாலும் அங்கேயே தங்கி வேலை பாக்கணும்மா. வீட்ல..." என்று இழுத்தது.

"போறேன் சார்!" முடிக்கவே விடவில்லை.

கதவைத் திறந்தவள், "ஒட்டுக் கேட்டீங்களாப்பா?" என்றாள்.

"நான் செஞ்ச கதவு. நான் கேக்கக் கூடாதா?"

வேலை கிடைத்த மாதிரிதான் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டேன். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவள் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.