பிள்ளை வார்டு மிஸ்ஸி

என் மகனுக்கு ஐந்தாம் மாதத்தில் நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கியது. தேயிலைத் தோட்டத்திலிருந்து அவனைத் தூக்கிக்கொண்டு தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பிள்ளைகள் வார்டில், மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் நர்ஸுக்கு என் வயதுதான் இருக்கும். மெலிந்த உடம்பு, தூக்கமில்லாத கண்கள். எந்தக் குழந்தை அழுதாலும் இரண்டு கைகளையும் மார்போடு இறுக்கிக் கட்டிக்கொள்வார்.

எனக்கும் இருமல் இருந்ததால் பால் கொடுக்கப் பயந்தேன்.

"மாஸ்க் போட்டுக்கிட்டு கொடுங்கக்கா. இந்தச் சளியோட சண்ட போட உங்க உடம்பு கத்துக்கிச்சில்ல, அந்த எதிர்ப்புச் சக்தி பால் வழியா பிள்ளைக்கும் போவும்" என்றார்.

"உங்களுக்குப் பிள்ள இருக்கா மிஸ்ஸி?"

"நாலு மாசம். ஈப்போ டவுன்ல எங்க அம்மாகிட்ட இருக்கான். வாரத்துல ஒரு நாள்தான் பார்க்கிறேன். இங்க பிள்ளைங்க அழுதா எனக்குப் பால் சுரந்துடுது லா."

ஆறாம் நாள் மகனுக்கு மூச்சு சீராகி, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

"கொஞ்சம் தூக்கிக்கவா?" என்று கேட்டு வாங்கிய மிஸ்ஸி, அவன் உச்சந்தலையில் முகம் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பிள்ளையைத் திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அடுத்த பஸ்ஸில் போய்க்கொள்ளலாம் என்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.