குழந்தையம்மாளின் வத்தல் பெட்டி

எங்கள் லைன் வீட்டில் எட்டுக் குடித்தனம். எட்டும் குழந்தையம்மாளக்காவின் வாய்க்குப் பயந்துதான் இருந்தன. வாசலில் அவள் வத்தல் காயப்போட்டிருந்தால் கோழி மட்டுமல்ல, வீட்டுக்காரரே வந்தாலும் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். சுண்டைக்காயைக் கையில் அள்ளிக் குலுக்கி, அந்தச் சத்தத்திலேயே இன்னும் எத்தனை வெயில் வேண்டும் என்று சொல்லிவிடுவாள். நான் போட்ட கொத்தவரை வத்தலைப் பார்த்து, "மாட்டுக்குப் போடு சாரதா" என்று எல்லார் முன்னாலும் சொன்னவள். கர்வம் பிடித்தவள்தான். ஆனாலும் கேட்டவர்களுக்கெல்லாம் வாரிக் கொடுப்பாள். அந்த வருஷம் ஐப்பசி பிறப்பதற்குள் அவள் பானைகள் காலியாகிவிட்டன.

1967 அது. அவளுடைய ஒரே மகள் மயிலாளை ஊத்துக்குளியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். இரண்டு கரு தங்காமல் போய், மூன்றாவது தங்கியது. குறித்த நாளுக்கு மூன்று வாரம் முன்பே ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்து, நாலாம் நாள் தாய் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அக்காவின் முகத்தில் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம் தெரிந்தது. அவளுடைய தமக்கை தெய்வாத்தாள் பிள்ளை பெற்ற பத்தாம் நாள் ஜன்னி கண்டு செத்தவள். பச்சை உடம்பில் காற்றுப் பட்டதால் வந்தது என்று ஊரே சொன்னது. "நாப்பது நாளு தாண்டிட்டாப் போதும் சாரதா, அப்பறம் எம்புள்ளைய ஒண்ணும் பண்ண முடியாது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

பிள்ளை பெற்றவளுக்குப் பச்சைக் காய்கறி ஆகாது. சுண்டை வத்தலை நெய்யில் வறுத்துச் சோற்றில் பிசைந்து போட வேண்டும். வீட்டில் ஒரு பிடி வத்தல் இல்லை. அடுத்த வீட்டில் போய்க் கேட்பதா, அவளா? மழையோ எட்டு நாளாக விடவில்லை.

வழி கண்டுபிடித்தவர் அவள் புருஷன் மாரப்பண்ணன். பனியன் கம்பெனியில் வெளுத்த துணியைக் காயவைப்பது அவர் வேலை. மழைக்காலத்தில் அங்கே கொட்டகைக்குள் கரிச்சட்டிகளை வைத்து, மேலே துணியைக் கட்டி உலர்த்துவார்கள். அதையே சின்னதாகச் செய்தார். ஒரு பலகைப் பெட்டி, உள்ளே கம்பி வலையில் நாலு தட்டு, அடியில் கரிச்சட்டி. கம்பெனிக் கொட்டகைக்கு நாலு பக்கமும் சுவர் இல்லை என்பது அவருக்கும் உறைக்கவில்லை, எங்களுக்கும் உறைக்கவில்லை.

பெட்டியை மயிலாள் படுத்திருந்த உள்ளறையில் வைத்தார்கள்.

"தாயிக்கும் புள்ளைக்கும் கதகதப்பாவும் இருக்கும், வத்தலும் காயும். ஒரே கரியில ரெண்டு காரியம்" என்றாள் அக்கா. ஈரக் காற்று வராமல் ஜன்னலைச் சாக்கால் அடைத்தாள். இரண்டே நாளில் முதல் தட்டு காய்ந்துவிட்டது. லைன் வீடே வந்து பார்த்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் பாகற்காயையும் ஒரு தட்டில் பரப்பிவிட்டு வந்தேன்.

மறுநாள் அக்காவுக்குத் தலைவலி. வெளியே வந்து உட்கார்ந்தால் விட்டுவிடும், உள்ளே போனால் பிடித்துக்கொள்ளும். பெட்டியைப் பார்த்தவர்கள் கண்தான் பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றி அதே கரிச்சட்டியில் போட்டாள். மயிலாளுக்கு வாந்தி வந்தது. "அம்மா, தல கனக்குதும்மா. கதவக் கொஞ்சம் தொறந்து வையும்மா" என்று அவள் கெஞ்சியது என் வீட்டுக்குக் கேட்டது.

"பச்ச ஒடம்பு கண்ணு. காத்துப் பட்டா உங்க பெரீம்மா மாதர ஆயிரும். பொறுத்துக்க சாமி."

எனக்கு அப்போது ஏதோ சரியில்லை என்று பட்டது. சொல்லவில்லை. அவள் வாய்க்குப் பயம்.

பிள்ளை பிறந்த ஒன்பதாம் நாள் பகலில் மழை கொட்டியது. சுண்டைக்காய் கடைசிச் சூட்டுக்கு நின்றது. அக்கா சட்டி நிறையக் கரி போட்டு, கதவைச் சாத்திவிட்டு, குழந்தையை என் மடியில் கிடத்திப் பேறுகால மருந்து இடிக்க உட்கார்ந்தாள். மூன்று மணி வாக்கில் குழந்தை பசித்து அழுதது. தூக்கிக்கொண்டு போய் நின்றேன். அக்கா கதவைத் திறந்தாள். மயிலாள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன.

"பாரு சாரதா, எம்புள்ள எப்படி நெறம் வந்து தூங்குறாள்னு! கொஞ்ச நேரம் தூங்கட்டும்" என்று அக்கா கதவைச் சாத்தினாள். நானும் சரியென்று குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தேன்.

ஒரு மணி நேரம் கழித்துப் போய் எழுப்பினோம். எழவில்லை.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, பெட்டியையும் சாக்கையும் பார்த்தார். "அறையை அடைத்தா வைத்திருந்தீர்கள்?" என்றார். தான் கவனிக்காமல் விட்டதாகச் சொல்கிறார் என்று நினைத்து அக்கா பதறினாள்.

"அடைச்சுத்தானுங்க வெச்சிருந்தேன். ஒரு பொட்டுக் காத்து உள்ள உடலீங்க சாமி."

டாக்டர் மாரப்பண்ணனை வெளியே கூட்டிப்போனார். கரி கனலும்போது கண்ணுக்குத் தெரியாத நஞ்சு ஒன்று வரும், அடைத்த அறையில் ஆளைக் கொன்றுவிடும் என்று சொன்னார். குழந்தையோடு நான் பக்கத்திலேயே நின்றேன். மாரப்பண்ணன் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அவளிடம் சொல்லிவிடாதே என்பதுதான் அந்தக் கும்பிடு.

சொல்லவில்லை. அதற்குப் பிறகு பதினாறு வருஷம் அக்கா என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பால் கொடுக்க வேண்டுமென்று அந்த மழையில் நான் கதவைத் திறக்க வைத்தேனாம். அந்த ஒரு நிமிஷத்தில் புகுந்த காற்றுதான் அவள் மகளைக் கொண்டுபோனதாம். குழாயடியில், கோயிலில், என்னை எங்கே பார்த்தாலும் எல்லார் காதிலும் விழும்படி சொல்வாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டு, ஆமாங்க்கா என்பேன்.