டெங்கு பார்க்க வந்தவர்கள்

மூன்றாம் நாள் காலையில் மட்டும் ஒன்பது பேர் வந்துவிட்டார்கள். எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"பிளேட்லெட் எவ்வளவு?"

இல்ஹாமின் மாமியார் ஸைனம்பு முதல் வந்தவரிடம் தொண்ணூறாயிரம் என்றாள். அடுத்தவரிடம் அறுபது. முன்வீட்டுக்காரி கலங்கிய முகத்தோடு வந்தபோது, அந்த முகத்துக்கு மரியாதையாக நாற்பதுக்கு இறக்கினாள்.

உள்ளறையில் நுளம்பு வலைக்குள் கிடந்த இல்ஹாமுக்கு எல்லாம் கேட்டது. சிரிக்கப் பார்த்தான். கொட்டாவிதான் வந்தது. கொட்டாவிக்குப் பின்னால் கண்ணும் மூக்கும் ஒழுகின. முழங்காலுக்குள் யாரோ கம்பியை விட்டுத் திருகிக்கொண்டிருந்தார்கள். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை வயிறு அவனை எழுப்பி விரட்டியது. வியர்வையில் நனைந்த சாரம் மின்விசிறிக் காற்றில் குளிர்ந்து தோலோடு ஒட்டியது.

அவன் அபாயா வெட்டுகிற மாஸ்டர். ஐம்பது மடிப்புக் கறுப்புத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, வெட்டு மெஷினை ஒரே ஓட்டமாக ஓட்டுவான். கோடு பிசகாது. ஒரு நோன்புக் காலத்து ஓடருக்கு நின்ற நிலையில் வெட்டி இடுப்பு விட்டுப்போனபோது, கூட வேலை செய்த றிஸ்லான் கொஞ்சம் தூள் கொடுத்தான். நோவு அன்றே போனது. தூள் மூன்று வருடமாகப் போகவில்லை. போன மாதம் கோடு பிசகி, ஐம்பது அபாயாவின் கைகளும் இரண்டு அங்குலம் கட்டையாகின. முதலாளி ஒரு சொல்லும் ஏசவில்லை. மெஷினை வேறொருவனிடம் கொடுத்தார்.

ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுடையது. அவன் மனைவி முப்லிஹாவின் வாப்பா மகளுக்கென்று கட்டிய வீடு இது. இல்ஹாம் கலியாணத்தன்று ஒரு பெட்டியோடு வந்து ஏறியவன். அந்தப் பெட்டியை அவள் போன கிழமை அலுமாரிக்கு மேலிருந்து இறக்கித் தூசு துடைத்து, அறைக் கதவடியில் வைத்தாள்.

"ரெண்டு தரம் விட்டுட்டன் எண்டு சொன்னீங்க. இது மூணாவது. இதுவும் பொய்யெண்டா உங்கட உம்மாட ஊட்ட போங்க. ஏச மாட்டன். பெட்டி அந்தா இரிக்கி."

பிறகு அவளே அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டொக்டர் குளிசைகள் எழுதினார். உப்பும் சீனியும் சேர்ந்த ஜீவனிக் கரைசலை விடாமல் குடிக்கச் சொன்னார். "முதல் அஞ்சு நாள் பொல்லாதது. ஆளைத் தனிய விட்டுடாதீங்க" என்றார்.

பிழை விட்டது ஸைனம்புதான். "ஆக்கள் கேட்டா டெங்கு எண்டு சொல்லுவம். இப்ப அதுட காலம்தானே" என்றாள். மானத்தை மூட எடுத்த பொய் வாசலைத் திறந்துவிட்டது. வருத்தக்காரனைப் போய்ப் பார்ப்பது நன்மை. காத்தான்குடியில் ஒருவன் டெங்கில் கிடக்கிறான் என்றால் ஒழுங்கையில் உள்ள வீடெல்லாம் வரும். வெறுங்கையோடும் வராது. பப்பாசி இலைச் சாறு மட்டும் நான்கு போத்தல் சேர்ந்துவிட்டது.

"இதெல்லாத்தையும் குடிச்சா உண்மையாவே வருத்தம் வந்திரும்" என்றாள் முப்லிஹா. மூன்று நாளில் அவள் விட்ட ஒரே பகிடி அது.

அவள் கிணற்றடியில் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து றிஸ்லான் வந்தான். ஸைனம்புவுக்கு அவன் மருமகனோடு வேலை செய்கிற நல்ல பிள்ளை. "வாங்க மனே, உள்ளுக்குப் போய்ப் பாருங்க, நான் தேத்தண்ணி ஊத்துறன்" என்று அனுப்பிவைத்தாள்.

"என்னடா மச்சான், நுளம்பு கடிச்சிட்டாம்?" றிஸ்லான் கட்டிலோரம் குந்திக் குரலைத் தாழ்த்தினான். "எனக்குத் தெரியாதா உன்ட நுளம்ப?"

"போடா."

"போறன். தோடம்பழம் கொண்டந்திரிக்கன். பையிட அடியில பாரு. ஒண்டுதான். உன்ன இப்பிடிப் பாத்துட்டுச் சும்மா போக ஏலாடா."

அவன் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. ஏசித் துரத்தியிருக்கலாம், அந்தக் கண் மட்டும் இல்லாவிட்டால்.

றிஸ்லான் ஹோலுக்குப் போனான். பை கட்டிலில் இருந்தது. இல்ஹாமின் கை அதற்குள் போனது. மூன்று பழம். நான்காவது பழம். அதற்குக் கீழே சுருட்டிய ஈயத்தாள். விரல் பட்டதும் முழங்காலில் திருகிய கம்பி நின்று காதுகொடுத்தது போலிருந்தது. கதவடியில் பெட்டி தெரிந்தது.

"முப்லிஹா!"

கிணற்றடியில் துணி அடிக்கிற சத்தம்தான் கேட்டது. இன்னும் ஒரு நிமிடம் இந்த அறையில் தனியே இருந்தால் முடிந்தது என்று அவனுக்குத் தெரியும். பக்கத்தில் இருந்த மனிதர்கள் அவனைப் பார்க்க வந்து ஹோலில் இருந்தவர்கள் மட்டுமே. வலையை விலக்கி, சுவரைப் பிடித்துப் பிடித்து அங்கே போய் நின்றான்.

"எழும்பாதீங்க மருமகன்! இருபத்தஞ்சாயிரம்தான் இரிக்கி இவருக்கு!" என்றாள் ஸைனம்பு.

"எனக்கு டெங்கு இல்ல." பையை முன்னே நீட்டினான். "தூள். விட்டு மூணு நாள். இந்தப் பைக்குள்ள இன்னம் இரிக்கி. ஆராச்சும் வாங்குங்க. என்ட கையால எறிய ஏலா."

ஒருவரும் அசையவில்லை. ஒரு பெண் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஸைனம்பு முந்தானையால் முகத்தை மூடினாள். றிஸ்லான் தேத்தண்ணிக் கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டு வெளியேறினான். செருப்பைக்கூடப் போடவில்லை.

பின் ஒழுங்கை பஹீமாதான் எழுந்தாள். இரண்டாவது போத்தல் சாறு அவள் கொண்டுவந்தது.

"தா மனே."

பையை வாங்கிக் கிணற்றடிக்குக் கொண்டுபோனாள். ஏதோ பேசுவது கேட்டது. கக்கூஸில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவது கேட்டது. அவள் திரும்பி வந்தபோது இல்ஹாம் கட்டிலுக்குப் போயிருந்தான்; ஹோலில் ஸைனம்பு மட்டும்தான் இருந்தாள். பஹீமா அவளருகில் பாயில் அமர்ந்தாள்.

"என்ட மகன் அஹமட் கொழும்புல கடையில நிக்கான் எண்டு உனக்கும் சொல்லியிரிக்கன்தானே? தூளோட புடிபட்டு ரெண்டு வருஷமா மறியல்ல இரிக்கான்கா. நானும் வாசலக் காத்தன். புள்ளயக் காக்கல்ல."

ஸைனம்பு முந்தானையை எடுக்கவில்லை. ஆனால் கையை நீட்டி மற்றவளின் கையைப் பிடித்தாள்.

அதன் பிறகு ஒருவரும் வரவில்லை. பின்னேரம் அஸர் பாங்கு சொன்ன நேரம் கம்பி மறுபடி திருகத் தொடங்கியது, முன்னதைவிட மோசமாக. முப்லிஹா ஈரக் கையோடு வந்து கட்டிலில் அமர்ந்து, அவன் கால்களைத் தன் மடியில் போட்டு அழுத்தினாள். அழுதிருந்தாள்.

"வாசல்ல அவன்ட செருப்பு கிடக்கு" என்றான் அவன். "எடுக்க வருவான்."

"கேட்டுக்கு வெளிய வெச்சிட்டன்."

"பெட்டி?"

அவள் கதவடியைப் பார்த்தாள். பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. பொல்லாத ஐந்து நாளில் இன்னும் இரண்டு நாள் மிச்சமிருந்தது.

"கால நீட்டுங்க" என்றாள்.